அட்டையில் பணம் இருக்கிறது, நாள் முடிந்துவிட்டது: ப்ரீபெய்ட் சிம் அட்டையின் காலக்கெடு கணக்கு

அட்டையில் இன்னும் ஆறு வெள்ளி இருக்கிறது. ஊருக்கு அழைத்தால் அழைப்பு போகவில்லை. கணக்கு காலாவதியாகிவிட்டது என்று பதிவு செய்யப்பட்ட குரல் சொல்கிறது. மறுநாள் கடைக்குப் போய் ‘டாப்-அப்’ செய்தால் அழைப்பு போகிறது. அந்த ஆறு வெள்ளி மட்டும் திரும்பி வருவதில்லை.

‘ப்ரீபெய்ட்’ எனப்படும் முன்கட்டண சிம் அட்டையைப் பயன்படுத்துவோர் பலருக்கும் இது பழகிப்போன ஏமாற்றம். கிளமெண்டி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்குத் தமிழகத்திலிருந்து படிக்க வருவோர், வீவக வீடுகளில் வேலை செய்யும் இல்லப் பணிப்பெண்கள், ஜூரோங், துவாஸ் பக்கம் வேலைக்குப் போய்வரும் ஊழியர்கள், அழைப்பு வந்தால் எடுப்பதற்கு மட்டும் கைப்பேசி வைத்திருக்கும் முதியோர் என இந்த அட்டைகளை நம்பியிருப்போர் பல தரப்பினர். ஈராண்டு ஒப்பந்தம் வேண்டாம், மாதக் கட்டணச் சீட்டு வேண்டாம் என்பதே அவர்களுக்கு இதில் உள்ள வசதி.

அந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது பெரும்பாலும் அட்டையின் உறையில் சிறிய எழுத்தில் இருக்கும்: பணத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது.

வாங்குவது பணமா, காலமா?

டாப்-அப் செய்யும்போது பணத்தைச் சேமிப்பில் போடுவதாகவே பலரும் நினைக்கிறோம். நிறுவனத்தின் பார்வை வேறு. குறிப்பிட்ட நாள்வரை அதன் கட்டமைப்பைப் பயன்படுத்தும் உரிமையையே அது விற்கிறது. அந்த நாள்களுக்குள் எவ்வளவு பேசலாம் என்பதற்கான அளவுதான் அட்டையில் தெரியும் தொகை.

இந்த வேறுபாடு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பரிசு அட்டைகளுக்குக் காலக்கெடு விதிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. முன்கட்டண கைப்பேசித் தொகையும் பரிசு அட்டை போன்றதுதான், அது காலாவதியாவது தவறு என்று பெல் நிறுவனத்துக்கு எதிராக 2012ல் வாடிக்கையாளர்கள் சார்பில் கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. 2015ல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வாடிக்கையாளர் வாங்கியது பரிசு அட்டையை அன்று, குறிப்பிட்ட காலத்துக்குச் சேவையைப் பெறும் உரிமையை என்பது அந்த முடிவின் சாரம்.

காலக்கெடு வைப்பதற்கு நிறுவனங்கள் கூறும் காரணங்களில் ஓரளவு நியாயம் உண்டு. சிங்கப்பூரில் கைப்பேசி எண்கள் எட்டு இலக்கம் கொண்டவை. 8 அல்லது 9ல் தொடங்குபவை. யாரும் பயன்படுத்தாத எண்களை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைத்தால் புதியவர்களுக்கு எண் போதாது. பேசாத எண்ணையும் கட்டமைப்பில் உயிரோடு வைத்திருக்கச் செலவாகும். இன்னொரு காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் செலவழிக்காத தொகை, நிறுவனம் இனிமேல்தான் சேவையாகத் தரவேண்டிய கடன். காலாவதியாகும்போது அந்தக் கடன் நீங்கி, தொகை வருமானமாகிறது.

ஒரே அட்டையில் மூன்று கெடு

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் அட்டையில் மூன்று வெவ்வேறு கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதலாவது, முதன்மைக் கணக்கின் கெடு. டாப்-அப் செய்த தொகைக்கு ஏற்ப இது நீளும். பொதுவாகப் பெரிய தொகைக்கு அதிக நாள், சிறிய தொகைக்குக் குறைந்த நாள். கெடு முடிவதற்குள் மீண்டும் டாப்-அப் செய்தால் மிச்சத் தொகை புதிய கெடுவோடு சேர்ந்து தொடர்வதே பெரும்பாலான அட்டைகளின் வழக்கம். ஒரு நாள் தாமதித்தால் மிச்சத்தை இழக்க நேரிடலாம்.

இரண்டாவது, போனஸ் தொகை, இலவச நிமிடங்கள், டேட்டா திட்டங்கள் ஆகியவற்றின் கெடு. இது 7 நாளாகவோ 30 நாளாகவோ இருக்கலாம். முதன்மைக் கணக்கு மூன்று மாதம் உயிரோடு இருந்தாலும், அதில் வாங்கிய இந்திய அழைப்பு நிமிடங்கள் ஒரே மாதத்தில் மறைந்துவிடலாம். ‘பத்து வெள்ளிக்கு ஐம்பது வெள்ளி மதிப்பு’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யப்படும்போது, மீதி நாற்பது வெள்ளியும் எந்தக் கெடுவுக்குள், எந்த நாட்டு அழைப்புக்கு என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணின் கெடு. முதன்மைக் கணக்கு காலாவதியான பிறகு சலுகைக் காலம் ஒன்று இருக்கலாம். அப்போது வெளியே அழைக்க முடியாது. ஆனால், டாப்-அப் செய்தால் எண் மீண்டும் உயிர்பெறும். அதுவும் கடந்துவிட்டால் எண் துண்டிக்கப்படும். சிறிது காலத்துக்குப் பிறகு அது வேறொருவருக்கு வழங்கப்படலாம்.

சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்ற நிறுவனங்களும் அவற்றின் கட்டமைப்பில் இயங்கும் சிறிய நிறுவனங்களும் தத்தம் அட்டைகளுக்குத் தனித்தனியாக நாள் குறிக்கின்றன. அதனால் நண்பரின் அட்டைக்குப் பொருந்தும் விதி நம் அட்டைக்கும் பொருந்தும் என்று நம்பியிருக்கக் கூடாது.

ஊருக்கு அழைக்கும் வழிகள்

காலக்கெடுவில் இழக்கும் பணம் ஒருபுறம் இருக்க, அழைக்கும் முறையில் இழக்கும் பணமும் உண்டு. ஒரே எண்ணுக்கு இரண்டு வழியில் அழைத்தால் இரண்டு விலை வரலாம்.

‘+91’ என்று தொடங்கி நேரடியாக அழைப்பது எளிது. ஆனால், பல அட்டைகளில் ‘+’ குறி அழைப்பை வழக்கமான, விலை கூடிய பாதையில் அனுப்புகிறது. மலிவான பாதைக்குத் தனிக் குறியீடு இருக்கும். சிங்டெல்லின் 001, 019, ஸ்டார்ஹப்பின் 008, 018, எம்1ன் 002, 021 ஆகியவை சிங்கப்பூரில் நெடுங்காலமாகப் புழங்கும் வெளிநாட்டு அழைப்புக் குறியீடுகள். முன்கட்டண அட்டைகளுக்கு வேறு குறியீடுகளும் இருக்கலாம். தம் அட்டைக்கு உரிய மலிவுக் குறியீடு எது என்று கேட்டறிந்து, வீட்டு எண்ணை அந்தக் குறியீட்டோடு சேர்த்தே கைப்பேசியில் பதிந்து வைப்பது நல்லது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. நேரடி அழைப்புக்கு நிமிடத்துக்கு 10 காசு, மலிவுக் குறியீட்டுக்கு 2 காசு என்று வைத்துக்கொள்வோம். தினமும் 8 நிமிடம் ஊருக்குப் பேசுபவர் 30 நாளில் 240 நிமிடம் பேசுவார். நேரடியாக அழைத்தால் 24 வெள்ளி. குறியீட்டோடு அழைத்தால் 4 வெள்ளி 80 காசு. எண்ணுக்கு முன்னால் அழுத்தும் மூன்று இலக்கத்தில் இருக்கிறது இந்த வேறுபாடு.

அழைப்பு நொடிக் கணக்கிலா, நிமிடக் கணக்கிலா என்பதும் முக்கியம். நிமிடக் கணக்கு என்றால் 1 நிமிடம் 5 நொடி பேசியதும் 2 நிமிடமாகவே எண்ணப்படும். அப்படிப் பத்து அழைப்புகள் பேசினால், உண்மையில் பேசியது 11 நிமிடம்கூட இருக்காது. கட்டணமோ 20 நிமிடத்துக்கு. சில திட்டங்களில் வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்துடன் உள்ளூர் அழைப்புக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

வாட்ஸ்அப் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இரு பக்கமும் டேட்டாவும் திறன்பேசியும் இருந்தால் அது சரிதான். ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியை, டேட்டா சிக்னல் சரியாகக் கிடைக்காத கிராமத்தை, மருத்துவமனையின் தொலைபேசியை, வங்கிக் கிளையை அழைக்க இன்னமும் சாதாரண அழைப்புதான் கைகொடுக்கிறது. அவசரத்தில்தான் இந்த அழைப்பு தேவைப்படும். அட்டை காலாவதியாகியிருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

பணமும் நாளும் இருந்தும் அழைப்பு போகாவிட்டால் கைப்பேசியையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி சேவை 2024ல் விடைபெற்றது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பை ஏற்கும் வசதி இல்லாத பழைய கைப்பேசியில் எத்தனை வெள்ளி போட்டாலும் பயனில்லை.

ஒரு நாளின் விலை

எந்தத் தொகைக்கு டாப்-அப் செய்வது லாபம் என்பதை ஓர் எளிய வகுத்தலில் தெரிந்துகொள்ளலாம். தொகையை நாள்களால் வகுத்தால் அட்டையை ஒரு நாள் உயிரோடு வைத்திருக்க ஆகும் விலை கிடைக்கும்.

8 வெள்ளிக்கு 30 நாள், 30 வெள்ளிக்கு 180 நாள் தரும் அட்டை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவதில் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 27 காசு. இரண்டாவதில் ஏறத்தாழ 17 காசு. வரும் அழைப்பை எடுப்பதற்கு மட்டும் கைப்பேசி வைத்திருக்கும் முதியவர் மாதந்தோறும் 8 வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 96 வெள்ளி ஆகும். ஆண்டுக்கு இருமுறை 30 வெள்ளி போட்டால் 60 வெள்ளியோடு முடிந்துவிடும். தினமும் ஊருக்குப் பேசுபவருக்குக் கணக்கு தலைகீழ். நாள் முடியும் முன்பே அவருக்குப் பணம் தீர்ந்துவிடும் என்பதால், நாளைவிட நிமிடத்தின் விலையே அவர் பார்க்க வேண்டியது.

இந்திய எண்ணுக்கும் இதே கதை

சிங்கப்பூர்த் தமிழர் பலரின் பையில் இன்னொரு சிம் அட்டையும் இருக்கிறது. ஊரில் வாங்கியது; இந்திய வங்கியின் ‘ஓடிபி’ வருவதற்காகவே வைத்திருப்பது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் அதுவும் போய்விடுகிறது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013ல் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. முன்கட்டண எண் ஒன்று குறைந்தது 90 நாள் பயன்படுத்தப்படாமல் இருந்தால்தான் அதைத் துண்டிக்கலாம். 90 நாளுக்குப் பிறகும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணைத் தக்கவைக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட பிறகும் எண்ணை மீட்க 15 நாள் அவகாசம் உண்டு.

இதில் ‘பயன்பாடு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வரும் அழைப்பும் போகும் அழைப்பும் அதில் அடங்கும். நாம் அனுப்பும் குறுஞ்செய்தியும் டேட்டா பயன்பாடும் அடங்கும். நமக்கு வரும் குறுஞ்செய்தி அந்தப் பட்டியலில் இல்லை. வங்கியிலிருந்து ஓடிபி வந்துகொண்டிருக்கிறது, எனவே எண் பயன்பாட்டில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

விதி எழுத்தில் இப்படி இருந்தாலும் நடைமுறை மாறிவிட்டது. 2018ன் பிற்பகுதியில் இந்திய நிறுவனங்கள் குறைந்தபட்ச மாத ரீசார்ஜை வலியுறுத்தத் தொடங்கின. கணக்கில் பணம் இருந்தும் சேவை நிறுத்தப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. போதிய தொகை வைத்திருப்பவர்களின் சேவையை உடனே துண்டிக்கக் கூடாது என்று அவ்வாண்டு நவம்பரில் டிராய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும், திட்டத்தின் கெடு முடிந்தால் முதலில் போகும் அழைப்பு, பிறகு வரும் அழைப்பு என்று படிப்படியாக நிற்பதே இன்றைய அனுபவம்.

வெளிநாட்டில் இருப்போருக்கு உதவக்கூடிய மாற்றம் 2024 டிசம்பரில் வந்தது. டேட்டா தேவைப்படாதவர்களுக்குக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைத் தரவேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. சிறப்புக் கட்டணத் திட்டங்களின் உச்சக் காலம் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் இத்தகைய நீண்டகாலத் திட்டங்கள் விற்பனைக்கு வந்தன. ஓடிபிக்காக மட்டும் இந்திய எண் வைத்திருப்போர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஓராண்டுத் திட்டத்தைப் போட்டுவிட்டு வரலாம். சிங்கப்பூரில் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரவேண்டுமானால் வெளிநாட்டு ரோமிங் வசதியும் இயக்கத்தில் இருக்கவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இந்திய எண்ணே இல்லாமல் சமாளிக்கவும் ஒரு வழி திறந்திருக்கிறது. என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்போர் வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணைக் கொண்டே ‘யுபிஐ’ சேவையைப் பயன்படுத்த 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் சிங்கப்பூரும் ஒன்று. தம் வங்கி இதை வழங்குகிறதா என்று கேட்டறிவது பயன் தரும்.

ஓராண்டு தரும் பிலிப்பீன்ஸ்

காலக்கெடு இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற இயற்கை விதி எதுவும் இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் குடும்பத்தினர் ஏராளமாக உள்ள பிலிப்பீன்ஸ், 2017 டிசம்பரில் ஓர் அரசாணை வெளியிட்டது. அதன்படி, முன்கட்டணத் தொகை சிறிதோ பெரிதோ, டாப்-அப் செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். சலுகைத் திட்டங்களுக்கு மட்டும் தனிக் கெடு உண்டு. சிறிய தொகையாகப் போடுபவர்தான் அடிக்கடி பணத்தை இழப்பவர். அவருக்கு அந்த ஆணை பாதுகாப்பாக அமைந்தது.

சிங்கப்பூரில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதித்தொகுப்பு வெளிப்படைத்தன்மையை வலியுறுத்துகிறது. கட்டணத்தையும் நிபந்தனைகளையும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது நிறுவனத்தின் கடமை. அதைப் படித்துத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனையைப் படிக்கச் சிரமப்படும் ஊழியருக்கு, கடையில் நின்று ‘இது எத்தனை நாளைக்கு?’ என்று கேட்கும் ஒரு கேள்வியே பாதுகாப்பு.

எண் போனால் என்னென்ன போகும்

ஆறு வெள்ளி போனால் அது ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவு. எண் போனால் விஷயம் வேறு.

சிங்பாஸ், வங்கிக் கணக்கு, பேநவ், வாட்ஸ்அப், முதலாளியிடமும் மனிதவள அமைச்சிடமும் கொடுத்த தொடர்பு விவரம் என எல்லாம் அந்த எட்டு இலக்கத்தில் தொங்குகின்றன. 2017ல் அறிமுகமான பேநவ் சேவையில் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும் பணம் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. எண்ணைக் கைவிடுமுன் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, புதிய எண்ணிலோ அடையாள எண்ணிலோ மீண்டும் பதிந்துகொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு மறைவான பொறி உண்டு. சிம் காலாவதியான பிறகும் வைஃபையில் அது இயங்கிக்கொண்டே இருக்கும். எண் உயிரோடு இருப்பதுபோலத் தோன்றும். கைப்பேசி பழுதாகி, புதியதில் வாட்ஸ்அப்பைத் திறக்கும் நாளில்தான் சரிபார்ப்பு எண் பழைய சிம்முக்குப் போகும். அதற்குள் அந்த எண் வேறொருவர் கையில் இருந்தால் குடும்பக் குழு, நண்பர்கள், வேலைத் தொடர்புகள் எல்லாம் கைவிட்டுப் போகலாம். எண் மாறினால் செயலியில் உள்ள எண் மாற்றும் வசதியை உடனே பயன்படுத்த வேண்டும்.

காலாவதியான எண்ணுக்குப் பதில் இன்னோர் அட்டை வாங்கிக்கொண்டே போகவும் முடியாது. 2005 நவம்பர் முதல் முன்கட்டண அட்டை வாங்குவோர் அடையாள ஆவணத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். முன்பு ஒருவர் பத்து அட்டைவரை வைத்திருக்கலாம். 2014 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களையும் சேர்த்து ஒருவருக்கு மூன்று அட்டைகள் மட்டுமே. பயன்படுத்தாத பழைய அட்டை பதிவில் இருந்தால் அதுவும் அந்த மூன்றில் ஒன்று.

ஊருக்கே திரும்பிப் போகும்போது நாள் மிச்சமுள்ள அட்டையை அறைத் தோழரிடமோ கடையில் கேட்பவரிடமோ கொடுத்துவிட்டுப் போவது பலரின் வழக்கமாக இருந்தது. இனி அது ஆபத்தான வழக்கம். சிம் அட்டைகளைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிரான சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. தம் பெயரில் உள்ள அட்டையைச் சட்டவிரோதமாகப் பிறரிடம் ஒப்படைப்போருக்கு 10,000 வெள்ளிவரை அபராதம், மூன்றாண்டுவரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்த அட்டை மோசடிக்குப் பயன்பட்டால் விசாரணை முதலில் பதிவில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். மிச்சமுள்ள நாலைந்து வெள்ளிக்காக அந்த ஆபத்து வேண்டாம். நிறுவனத்திடம் சொல்லி எண்ணை முறையாக ரத்து செய்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.

முறையிட வேண்டுமானால்

கெடு முடிவதற்குள் டாப்-அப் செய்தும் பணம் போய்விட்டது, கேட்காத சேவைக்குக் கட்டணம் கழிக்கப்பட்டது, விளம்பரத்தில் சொன்ன நாள் கிடைக்கவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். டாப்-அப் ரசீது, நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தி, செயலியில் தெரியும் கெடு தேதியின் படம் ஆகியவையே சான்று.

அங்கு தீர்வு கிடைக்காவிட்டால், தொலைத்தொடர்பு, கட்டணத் தொலைக்காட்சி வாடிக்கையாளர்களுக்காக 2022 ஏப்ரலில் தொடங்கப்பட்ட மாற்றுத் தகராறு தீர்வுத் திட்டம் உள்ளது. சிங்கப்பூர் சமரச நிலையம் அதை நடத்துகிறது. முதலில் சமரசப் பேச்சு. உடன்பாடு வராவிட்டால் இரண்டாம் கட்டமாக முடிவு வழங்கப்படும். பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம்.

ஆனால், முறையிடும் நிலைக்கு வராமல் தடுக்க ஐந்து நிமிட வேலை போதும். அட்டையின் செயலியைத் திறந்து, அல்லது உறையில் உள்ள குறியீட்டை அழுத்தி, மூன்று கெடுக்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் முதலில் முடிவதற்கு மூன்று நாள் முன்னதாகக் கைப்பேசி நாள்காட்டியில் நினைவூட்டல் வைக்க வேண்டும். இந்திய எண்ணுக்கும் அதேபோல் ஒன்று. வீட்டில் உள்ள முதியவரின் அட்டைக்கும் பணிப்பெண்ணின் அட்டைக்கும் இளையோர் இதைச் செய்து தரலாம். மிச்சம் எவ்வளவு என்பதைப் பார்க்கும் அதே திரையில், ஒரு வரி கீழே, தேதியும் இருக்கிறது. முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.